கோபுர ஊரிலிருந்து வந்த படம்

மகன்,

நீ என்னோடு கதைக்காமல் விட்டு இன்றைக்கு நாற்பத்தொரு நாள். பிழை உன்னுடையது அல்ல. அன்று போனில் நான் சொன்னதை என் தகப்பன் எனக்குச் சொல்லியிருந்தால் நானும் கதைத்திருக்க மாட்டேன். வருகிற வியாழக்கிழமை இத்தாலியில் உன் படிப்பு முடிந்து ஒக்லாந்துக்குத் திரும்புகிறாய். அதற்கு முன் இதை நீ வாசித்துவிட வேண்டும் என்று கையால் எழுதி, அம்மாவின் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். முதலில் ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன், உனக்கு வாசிக்கச் சுலபம் என்று. இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் பார்த்தால், வேலையிடத்து விபத்து அறிக்கை மாதிரி இருந்தது. எல்லாம் தானாக ‘நடந்தது’ என்று வருகிறது. ‘நான் செய்தேன்’ என்று வரவில்லை. ஆங்கிலத்தில் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிகிறேன். அதனால் கிழித்துப் போட்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்து மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் அம்மாவைக் கேள். அனுப்ப முன்னர் அவ இதை முழுக்க வாசிப்பா.

அந்த வாரக் கடைசியில் நீ ஊர் பார்க்கப் போனபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. கட்டடக்கலை படிக்கிற பிள்ளை, எழுநூறு எண்ணூறு வருடத்துச் சுவர்களுக்குள் நடந்து திரிகிறான் என்று, வேலையிடத்தில் என் பக்கத்து மேசைக்காரனிடம்கூடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பொலோஞ்ஞாவில் வகுப்பு முடிந்து ரயில் பிடித்து, பிறகு பஸ் பிடித்து, சியெனா போய்ச் சேர்ந்தாய். கிண்ணம் மாதிரி நடுவில் தாழ்ந்து போகிற அந்தச் செங்கல் சதுக்கத்தின் படங்களை மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷன் மேடையில் நின்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மழைத்தண்ணீர் எல்லாம் ஒரே வாய்க்காலுக்கு ஓடும்படி கட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கட்டட வரைபடம் வரைந்தே சீவிக்கிற எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த நாள் சான் ஜிமிஞ்ஞானோ. ஒவ்வொரு பணக்காரக் குடும்பமும் மற்றக் குடும்பத்தை விட உயர வேண்டும் என்று போட்டிக்குக் கட்டிய கோபுரங்கள், பகை வந்தால் உள்ளே ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு மேலிருந்து கல்லெறிவார்களாம் என்று எழுதி, கடைசியில் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாய்.

எங்களுக்கு ஞாயிறு காலை. உங்களுக்கு அங்கே சனி இரவுச் சாப்பாட்டு நேரம். தமிழ்ப் பூசை தொடங்கக் கால் மணித்தியாலம் இருந்தது. மாதா கோயில் வாசல் கார்த் தரிப்பிடத்தில் நானும் அம்மாவும் நின்றோம். ஒன்றன் பின் ஒன்றாக உன் படங்கள் வந்தன. நாலு படம் கோபுரங்கள். ஐந்தாவது, அந்த ஊரில் ஏதோ ஒரு சின்ன அருங்காட்சியகம், பழைய காலத்துச் சித்திரவதைக் கருவிகள் வைத்திருக்கிற இடம். உத்தரத்திலே ஒரு கப்பி. கப்பியில் கயிறு. கயிற்றின் கீழே நீ, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முன்னுக்குக் குனிந்து, நாக்கை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறாய். உன்னோடு வந்த பிள்ளை எடுத்த படமாக இருக்கும். காட்சிப் பெட்டிக் கண்ணாடியில் அவளும் சிரிப்பது தெரிகிறது. கீழே, அடிதாங்காமல் உண்மையைச் சொல்லப் போகிறவன் மாதிரி எழுதியிருந்தாய்: ‘ஓகே ஓகே, ஐ வில் டாக்!’

என் கை அந்த வேளையில் என்ன செய்தது என்று எனக்கு நினைவில்லை. அம்மா சொன்னா, போனைக் கார்க் கூரையில் இரண்டு தரம் அடித்தேனாம். பிறகு உனக்கு எடுத்தேன். நீ ‘ஹாய் அப்பா’ என்றாய், பின்னால் கோப்பைச் சத்தமும் ஆட்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் கத்தியது உனக்குத் தெரியும். ஆனாலும் இங்கே எழுதுகிறேன், நான் மறக்கவில்லை என்று நீ அறிய வேண்டும். “நாயே, உனக்கு அது விளையாட்டாடா? நீ என்ர பிள்ளை இல்லை. அந்தக் கயித்திலேயே தொங்கிச் சா.” பிறகு, “வாட் இஸ் ராங் வித் யூ, அப்பா? இட்ஸ் ஜஸ்ட் எ போட்டோ” என்றாய். நான் இன்னும் மோசமாக ஒன்று சொன்னேன், உன்னோடு வந்த அந்தப் பிள்ளையைப் பற்றி. அதை நான் திருப்பி எழுதப் போவதில்லை; அவளிடம் சொல்லாமல் விட்டிருந்தால் நல்லது, சொல்லியிருந்தால் அவளிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ போனை வைத்தாய். பூசைக்கு வந்த சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. நான் கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, குடித்த தேத்தண்ணீர் எல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தேன்.

அப்போது ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார். உனக்கு நல்லாகத் தெரிந்த ஆள்தான், நேசன் மாமா, பிளாட் புஷ்ஷில் இருக்கிற தச்சு வேலைக்காரர், போன நத்தார் பண்டிகைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போய், மரத்தில் துளை போடத் துறப்பணம் பிடிக்கக் காட்டித் தந்தவர். “அண்ணை, பிரஷரோ? எழும்பாதேங்கோ, இருங்கோ” என்று என் முதுகைத் தடவினார். அந்தக் கை என் தோளில் பட்டதும் நான் உதறித் தள்ளினேன். அவர் ஒன்றும் விளங்காமல் போத்தலை நிலத்தில் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா கார் ஓட்டினா. ஒரு கேள்விதான் கேட்டா. “அந்தப் படத்தில என்ன இருக்கு?” அதற்குப் பதினொரு நாளைக்குப் பிறகுதான் அவவுக்குச் சொன்னேன். கல்யாணம் கட்டி இருபத்துநாலு வருடம், மகன்.

இனி நீ ஒரு இடத்தில் இருந்து வாசி.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மன்னாரில் யுத்த காலம். டோர்ச் பட்டரி, சில மருந்துகள், இப்படிச் சாமான்களை ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோகத் தடை. நான் கொண்டுபோனேன். கொள்கைக்காக என்று சொன்னால் பொய். சொந்தக்காரர் ஒருவர் கேட்டார், மறுக்கத் தெரியாமல் சைக்கிள் சீற்றுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு ஐந்து தரம் போனேன். ஆறாம் தரம் போக முன்னர், வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். எந்தச் சீருடைக்காரர் என்று நான் எழுதவில்லை. நீ கேட்டால் நேரில் சொல்வேன். ஆனால் இந்தக் கடிதம் அவர்களைப் பற்றியது இல்லை. அவர்கள் என்னைக் கொண்டுபோன இடம் ஒரு பழைய நெல் களஞ்சியம். உத்தரத்தில் கப்பி இருந்தது, மூட்டை தூக்குவதற்கு.

நீ அந்த அருங்காட்சியகத்துப் பலகையில் வாசித்திருப்பாய், எப்படிச் செய்வார்கள் என்று. கையைப் பின்னால் கட்டி, அந்தக் கட்டிலேயே கயிற்றை மாட்டி, மேலே இழுப்பார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முன்னர் இத்தாலியில் செய்தது என்று அதில் எழுதியிருக்கும். கால் நிலத்தை விட்ட உடனே தோள் இரண்டும் பின்பக்கமாகத் திரும்பும். முதலில் கேட்பது சத்தம்தான், பச்சைத் தடி முறிகிற மாதிரி, அது உன் உடம்பிலிருந்து வருகிறது என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். இரும்புக் குழாயால் காலின் அடியில் அடித்தார்கள். மயங்கினால் இறக்கித் தண்ணீர் ஊற்றி, திரும்ப ஏற்றினார்கள். “பட்டரி கொண்டு போனது ஆர்?” அதுதான் கேள்வி. கொண்டுபோன ஆள் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது, சந்தேகத்தில்தான் பிடித்திருந்தார்கள். மூன்றாம் தரம் ஏற்றியபோது நான் சொன்னேன். “சீலன்” என்று சொன்னேன்.

சீலன் என் கூட்டாளி. என் வயதுதான். ஒரே வகுப்பில் படித்து, ஒரே ரியூட்டரியில் இரண்டு பேரும் கணக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவன் பட்டரியும் கொண்டுபோகவில்லை, ஒன்றும் கொண்டுபோகவில்லை. ஏன் அவன் பெயரைச் சொன்னேன் என்று இருபத்தெட்டு வருடமாக யோசிக்கிறேன். அந்த நேரத்தில் என் தலைக்குள் இருந்த ஒரே பெயர் அதுதான். வேறு காரணம் இல்லை. அடுத்த நாள் விடியவே அவனைக் கொண்டுவந்தார்கள். நடுவில் தகரத் தடுப்பு மட்டும். இரண்டு நாள் அவனுக்கு அவர்கள் செய்தது எல்லாம் என் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சத்தம் நின்றது. ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் இருந்து ஒரு கால் வெளியே வந்திருந்தது, செருப்பில்லாமல். அதற்கு இரண்டு நாளைக்குப் பிறகு என்னை வாசலில் கொண்டுவந்து விட்டார்கள்.

சீலன் வீட்டுக்காரர் வந்து என்னிடம் கேட்டார்கள். “தம்பி, உள்ளுக்க அவனைக் கண்டனியோ?” காணவில்லை என்று சொன்னேன். அவர்கள் தேடத் தொடங்கினார்கள். முகாம் முகாமாகப் போனார்கள். படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருந்தார்கள். அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று நம்பியதால் ஒரு பூசைகூட வைக்கவில்லை. என் ஒரு சொல் போதும், அவர்கள் அழுது முடித்திருப்பார்கள். நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் விசா எடுத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தேன். வலது கை தோளுக்கு மேலே போகாதது மோட்டார் சைக்கிளில் விழுந்ததால் என்று எல்லாருக்கும் சொன்னேன். உனக்கும்.

அந்தச் சீலனுடைய தம்பிதான் நேசன் மாமா. ஆறு வருடத்துக்கு முன்னர் குடும்பத்தோடு இங்கே வந்தபோது, கோயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அண்ணாவின்ர கூட்டாளி எண்டால் எனக்கு அண்ணாதான்.” அவருக்கு வேலை தேடிக் கொடுத்தேன், வாடகை வீட்டுக்குச் சாட்சிக் கடிதம் கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பின்பக்க மரத் தளமேடை அவர் செய்து தந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் என்னை ‘அண்ணை’ என்று கூப்பிடும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். ஆனாலும் அவர் ஒரு ஞாயிறு வராவிட்டால், தெரிந்துவிட்டதோ என்று பயந்து நானே எடுத்துக் கதைப்பேன்.

இப்போது உன் தோளைப் பற்றி. நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. உனக்குப் பதினொரு வயது. பக்கத்து வீட்டுக்காரர் செடி வளர்க்கிற கண்ணாடிக் கொட்டிலில் யாரோ கல்லெறிந்து மூன்று கண்ணாடி உடைந்திருந்தது. எறிந்தது நீ இல்லை என்று அவரே சொன்னார்; உன்னோடு நின்ற பையன் ஆர் என்று மட்டும் கேட்டார். நான் உன்னைக் கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். “ஆர் எறிஞ்சது?” நீ தலையை ஆட்டினாய். “பேரைச் சொல்லு.” நீ சொன்னாய், “ஐம் நாட் எ நார்க், அப்பா.” நான் காட்டிக்கொடுக்கிறவன் இல்லை என்கிறாய். பதினொரு வயதுப் பிள்ளை, என் முகத்தைப் பார்த்து, பயந்துகொண்டு, அதைச் சொல்கிறாய். பெல்ற்றைக் கழற்றி அடித்தேன். முதுகில், தொடையில், பட்ட இடத்தில் எல்லாம். நீ கத்தினாய், ஆனால் பெயர் சொல்லவில்லை. உன் வலது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கி மேலே தூக்கினேன். “சொல்லு, சொல்லு” என்று தூக்கினேன். அந்தச் சத்தம் கேட்டது, மகன். எனக்குத் தெரிந்த அந்தச் சத்தம்.

அவசர சிகிச்சையில், டிரம்போலினில் இருந்து விழுந்தான் என்று நான் சொன்னேன். டொக்டர் உன்னைப் பார்த்துக் கேட்டபோது நீயும் அதையே சொன்னாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உன் நண்பனுக்காகச் செய்ததை எனக்காகவும் செய்தாய். அன்று வீட்டுக்கு வரும் வழியில் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். நீ இடது கையால் சாப்பிட்டாய். நான் உன்னை அடித்தது நீ பிழை செய்ததற்காக இல்லை. என்னால் முடியாததை உன்னால் செய்ய முடிந்ததற்காக. அந்தக் குற்றத்துக்கு எந்தப் பெயரும் என்னிடம் இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன். பத்து வருடம் பிந்திக் கேட்கிறேன்.

இதை எல்லாம் அம்மாவிடம் சமையலறையில் வைத்துச் சொன்னேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா, வெட்டி முடித்தா. பிறகு, “டிரம்போலின் எண்டு எனக்கும் தானே சொன்னனீங்கள்” என்றா. சீலனைப் பற்றி இல்லை, முதலில் அதைத்தான் கேட்டா. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு என் கன்னத்தில் அறைந்தா. அவ கை ஓங்கி நான் பார்த்ததில்லை. “முதல்ல நேசனிட்டப் போய்ச் சொல்லுங்கோ. பிறகு பிள்ளைக்கு எழுதுங்கோ. அதுவரைக்கும் என்னோட கதைக்காதேங்கோ” என்று உன் அறைக்குள் போய்ப் படுத்தா. இன்றைக்கும் அங்கேதான் படுக்கிறா.

சனிக்கிழமை காலை பிளாட் புஷ்ஷுக்குப் போனேன். பிள்ளைகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தார்கள். நேசன் பின்வளவில் பலகை வேலி அடித்துக்கொண்டு நின்றார். “வாங்கோ அண்ணை, சுகமோ? அண்டைக்கு நல்லாப் பயப்பிடுத்திப் போட்டியள்” என்று சிரித்தார். நான் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. “நேசன், சீலன் செத்திட்டான். நான் கண்டனான். அவனைக் காட்டிக்குடுத்தது நான். பட்டரி கொண்டு போனதும் நான்தான், அவனில்லை.” அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்த மாதிரி. “என்ன சொன்னனீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ” என்றார். திருப்பிச் சொன்னேன்.

கையில் சுத்தியல் இருந்தது. அதைப் பார்த்தார். பலகைக்கு மேலே கவனமாக வைத்தார். அதன் பிறகு அடித்தார். முதல் குத்திலேயே இரண்டு பல் போய்விட்டது. வேலிக் கம்பத்தில் தலை அடிபட்டு விழுந்தேன். விலாவில் உதைத்தார், வேலைச் சப்பாத்து, முன்பக்கம் இரும்பு வைத்தது. உதைக்கும்போது அவரின் மூச்சு மட்டும் கேட்டது. நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை என்று சொல்ல ஆசை. உண்மை அது இல்லை, தடுத்தேன், உருண்டேன், “வேண்டாம் நேசன்” என்று கெஞ்சினேன். அவர் என் முதுகில் முழங்காலை ஊன்றி, வலது கையைப் பின்னால் இழுத்துத் தூக்கினார். “இப்பிடியா? இப்பிடியா தூக்கினவங்கள்? இப்பிடியா அவன் கத்தினவன்?” நான் கத்தியதில் பக்கத்து வளவு நாய் குரைக்கத் தொடங்கியது. அவரின் மனைவி ரீட்டா ஓடி வந்து அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தா. “விடுங்கோ! பிள்ளையள் வரப்போகுதுகள், விடுங்கோ!” விட்டார்.

மண்ணில் எதிரும் புதிருமாக இருந்தோம். என் வாயிலிருந்து இரத்தம் சேட்டில் ஒழுகியது. அவரின் கைவிரல் முட்டி எல்லாம் வெடித்திருந்தது. ரீட்டா நடுவில் நின்று அழுதா. அவர் கேட்டார். “உங்களோட ஏதும் கதைச்சவனா?”

அம்மாவிடம்கூட நான் சொல்லாத ஒன்று இருந்தது. அதை அங்கேதான் சொன்னேன். இரண்டாம் நாள் பின்னேரம், காவலுக்கு நின்றவன் கொஞ்சம் விலகிப் போன நேரம், தகரத்துக்கு மற்றப் பக்கத்திலிருந்து சீலன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். குரல் அடைத்துப் போயிருந்தது. “டேய், பட்டரி உன்ர சைக்கிள்ள இருந்தது எனக்குத் தெரியும். நான் கண்டனான். பயப்பிடாத, நான் சொல்லேல்லை” என்றான். அவன் பெயரைக் கொடுத்தது நான் என்று அவனுக்குத் தெரியாது. நான் ஒரு பதிலும் சொல்லவில்லை. அடுத்த நாள் மத்தியானம் செத்துப் போனான்.

நேசன் எழும்பினார். “அப்ப என்ர அண்ணா உங்களைக் காப்பாத்திப்போட்டுச் செத்தவன்” என்றார். “ஓம்” என்றேன். “நாங்கள் அவனுக்கு ஒவ்வொரு நத்தாருக்கும் சாப்பாடு எடுத்து வைக்கிறனாங்கள். தெரியுமா?” எனக்குத் தெரியும். அவர் வீட்டு மேசையில் அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்து நானே சாப்பிட்டிருக்கிறேன். நீயும் இருந்தாய்.

பிறகு அவர் என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோனார். ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. தாதி என் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டபோது, ஏணியில் இருந்து விழுந்தேன் என்று நான் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். நேசன் குறுக்கே, “நோ. ஐ ஹிட் ஹிம்” என்றார். பொலிஸைக் கூப்பிடவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஏன் அடித்தார் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த தாதி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

நாலு நாள் கழித்து ரீட்டா போன் எடுத்தா. எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தர வேண்டும், கனடாவில் இருக்கிற அக்காமாருக்கு அனுப்ப. எழுதிக் கொடுத்தேன். போன சனிக்கிழமை சீலனுக்கு இறந்தோர் பூசை வைத்தார்கள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தரம். என்னை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், நான் போகவில்லை. அம்மா போனா, வந்து கதவடியில் நின்று அதை மட்டும் சொன்னா. நேசன் பீடத்துக்கு முன் நின்று அண்ணாவின் முழுப் பெயரையும் சொல்லி, வயது இருபத்துமூன்று என்று சொல்லி, அதற்கு மேலே கதைக்க முடியாமல் நின்றாராம். ரீட்டா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாவாம். பூசை முடிந்து கதைக்கும்போது யாரோ என்னைப் பற்றித் தூஷணத்தில் தொடங்க, நேசன், “கோயிலுக்க வேண்டாம்” என்றாராம். அவ்வளவுதான். என்னை மன்னித்ததாக நினைத்துவிடாதே. மன்னிக்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் கூடாது.

இதில் நீ எடுத்துக்கொள்ள ஏதும் புத்திமதி இருக்கிறதா என்று எழுத முன்னர் யோசித்தேன். தகப்பன் கடிதம் எழுதினால் அது இருக்க வேண்டும் அல்லவா. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நீ அந்தக் கயிற்றின் கீழ் நின்று சிரித்தது பிழை இல்லை. கருவியைப் பார்த்துச் சிரிக்க முடிகிற பிள்ளை, அது தன் உடம்பில் படாத பிள்ளை. உனக்கு அது படக்கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன், வந்து என் கையாலேயே பட வைத்தேன். உன் மேல் யாராவது காரணம் இல்லாமல் கத்தினால், அது நானாக இருந்தாலும், காரணத்தை உனக்குள் தேடாதே. ஒருநாள் உனக்கும் பிள்ளை பிறந்து, அதன் முன்னால் உன் கை தானாக உயர்ந்தால், அந்த அறையை விட்டு வெளியே போ. அங்கேயே நின்று உன்னை அடக்கிக்கொள்ளலாம் என்று நம்பாதே. நான் நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ அம்மாவுக்கு மட்டும் படம் அனுப்புகிறாய். வொல்தெர்ராவின் அந்தப் பழைய கல் வாசலை அவ எனக்குக் காட்டினா. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக நிற்கிறது என்று எழுதியிருந்தாய், சாந்து இல்லாமல். நீ அந்தப் பக்கம் போயிருக்கிறாய், என் கத்தலுக்கு அடுத்த நாளே, பஸ் பிடித்து, மழைக்குள். நீ பயணத்தை நிறுத்திக்கொண்டு திரும்பவில்லை என்று அறிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

வியாழக்கிழமை அம்மா விமான நிலையத்துக்கு வருவா. நான் வரமாட்டேன். ஒக்லாந்தின் வடக்குப் பக்கம், ஆல்பனியில், என்னோடு வேலை செய்கிறவர் வீட்டில் ஒரு அறை சொல்லி வைத்திருக்கிறேன். புதன்கிழமை உடுப்பை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். நீ உன் வீட்டுக்கு வந்து, உன் கட்டிலில் படுத்து, நேரமாற்றம் தெளிந்து எழும்பு. அம்மா உனக்காக அந்த அறையை விட்டுக்கொடுத்துவிட்டுப் பழையபடி எங்கள் அறையில் படுப்பா. பிறகு, நான் வரலாமா வேண்டாமா என்று நீ சொல். ஒரு கிழமை எடு, ஒரு வருடம் எடு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும், அதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. ஏன் என்று நான் உன்னை விசாரிக்க மாட்டேன்.

அப்பா